"இழுக்கும்" என்று அவர் சொன்னபோது

"ராவிலை மூச்சு அப்பிடியே நிண்டிடும் மிஸ். நான் தட்டினாத்தான் திரும்ப எடுப்பார். பிறகு இழுக்கும்."

வலிப்புக்கு மருந்தெடுக்கும் ஓர் அண்ணையைப் பற்றி, கிளினிக் மேசையின் ஓரத்தில் நின்றபடி அவர் வீட்டு அக்கா சொன்ன மூன்று வசனங்கள் இவை. நான் அவற்றை ஒன்றாக்கி, நித்திரையில் வலிப்பு வருகிறதாம் என்று சிங்களத்தில் வைத்தியரிடம் சொன்னேன். அவர் கொப்பியைப் புரட்டி, போன மாதத்தைவிடக் கூடவா என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்து, "எத்தினை தரம் இழுத்தது? அதைச் சொல்லுங்கோ" என்றேன். அவர் விரல்களை மடித்து எண்ணி, நாலு இருக்கும் என்றார். நாலு என்று நான் எழுதினேன். ஏற்கெனவே எடுத்துவந்த வல்ப்ரோயேற் என்ற வலிப்பு மருந்துடன், இரவில் போடும்படி இன்னொரு வலிப்பு மருந்தான குளோபசாம் 10 மில்லிகிராம் குளிசையொன்றை வைத்தியர் சேர்த்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

எங்கள் பேச்சில் இழுப்பு என்பது ஒன்றல்ல. ஆஸ்துமாக்காரருக்கு வருவதும் இழுப்புத்தான். வலிப்பில் கை கால் இழுக்கும். சாகக் கிடக்கிறவருக்கு மூச்சு இழுக்கும். இந்த மூன்றையும் கேட்டு வளர்ந்தவள் நான். அன்றைக்கு எது இழுக்கும் என்று அந்த அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கையில் இருந்தது வலிப்புக்காரரின் கொப்பி என்பதால் அந்தச் சொல்லுக்குப் பொருளும் கொப்பியிலிருந்தே வந்துவிட்டது. வெளியே வாங்கில் எழுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள் என்பதும், மதியத்துக்குப் பின் உள்ளூருக்குப் பஸ் இல்லாததால் எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் "மூச்சு நிண்டிடும்" என்பதைச் சொல்லிவிட எனக்கு எத்தனை செக்கன் கூடப் பிடித்திருக்கும் என்று நினைக்கும்போது, அந்த உண்மை எனக்கு உதவுவதில்லை.

வைத்தியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வந்த ஆறு மாதத்திலேயே "நோகுதா", "சாப்பிட்டனீங்களா" என்று கேட்கப் பழகியவர் அவர். அன்றைக்கும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அவர் கேட்டார்: ஆளுக்கு நித்திரை குறைவா? அதை நான் சரியாகவே மொழிபெயர்த்தேன். காலபோக நெல் குடலைப் பருவத்தில் இருந்த நேரம் அது. ஒவ்வொரு இரவும் காவல் கொட்டிலில் யானை வெடியும் ரோர்ச்சுமாகக் கிடப்பதாக அந்த அண்ணை சொன்னார். நித்திரை முறிந்தால் வலிப்பு வரும் என்பது தாதியர் பாடசாலையிலேயே எங்களுக்குச் சொல்லித்தந்த விசயம். அதற்கும் முன்னதாக, அவருடைய இடது காதுக்கு மேலே 2009இல் பட்ட ஷெல் துண்டின் தழும்பு இருந்தது. கொப்பியின் முதல் பக்கத்தில் காரணம் என்ற இடத்தில் அதுவே எழுதப்பட்டிருந்தது. வன்னியில் அப்படித் தலையில் தழும்போடு வருகிற ஒருவரிடம் வலிப்பு ஏன் வருகிறது என்று யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. காயம் ஒரு காரணம், யானை இன்னொரு காரணம். மூன்றாவது ஒன்றைத் தேட எங்கள் ஒருவருக்கும் தேவை ஏற்படவில்லை.

என்னை இன்னும் உறுத்துவது அந்த இழுக்கும் என்ற சொல்லைவிட, அதற்கு முன் வந்த "தட்டினாத்தான்" என்ற சொல். வலிப்பில் கிடக்கும் ஆளைத் தட்டி எழுப்ப முடியாது. அது ஓடி முடியும்வரை பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்துக் காத்திருப்பதுதான் நாங்கள் செய்யக்கூடியது. கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம் என்று எத்தனையோ வீட்டுக்காரருக்கு நானே சொல்லியிருக்கிறேன். தட்டியவுடன் ஒருவர் பெருமூச்சோடு திரும்புகிறார் என்றால் அங்கே நடந்தது வேறொன்று. இதை யாரும் எனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்திருந்தும் அந்த நிமிடத்தில் அது என் காதில் ஏறவில்லை.

இரண்டு மாதம் கழித்து, தன் முறை வருமுன் அவர் வாங்கிலேயே நித்திரையாகிப்போனார். குறட்டை மருந்துக் கொடுப்பிடம்வரை கேட்டது, சிலர் சிரித்தார்கள். பிறகு குறட்டை நின்றது. நெஞ்சும் வயிறும் எக்கிக்கொண்டிருந்தன, மூக்கில் காற்று இல்லை. மூச்சை எண்ணுவது எங்களுக்குக் கைப்பழக்கம் என்பதால் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 26 செக்கன். அதன்பின் தொண்டை கொர்ரென்று திறந்து, கையும் காலும் ஒருமுறை வெட்டி உதற, மூச்சு வந்தது. கொவிட் காலத்திலிருந்து வார்ட்டில் இருந்த, இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும் ஒக்சிமீற்றரைக் கொண்டுவந்து விரலில் மாட்டினேன். 95 காட்டியது, அடுத்த முறை மூச்சு நின்றபோது 79க்கு இறங்கியது. அக்கா பக்கத்தில்தான் நின்றார். "இப்பிடித்தான் மிஸ், இதைத்தான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் வாசிக்கத் தொடங்கினேன். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி ஒட்டிக்கொள்வதும், 10 செக்கனோ அதற்கு மேலோ காற்று நிற்பதும், இரத்தத்தில் ஒட்சிசன் விழ மூளை ஆளை அரைகுறையாக எழுப்பி மூச்சைத் திறப்பதும் நித்திரை மூச்சுத்தடை என்ற இந்த நோயின் சுற்று. மணித்தியாலத்துக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் அது கடுமையானது. விடியும்வரை படுத்திருந்தாலும் அவருக்கு நித்திரை துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்; அந்த முறிந்த நித்திரையே வலிப்புக்கு வாசல் திறந்துவிடும். மறுபக்கத்தில், வலிப்புக்கான மருந்தும் இந்தத் தடையை வளர்க்கக் கூடும். வல்ப்ரோயேற் பலருக்கு உடம்பை ஏற்றும். இவர் இரண்டு வருடத்தில் 11 கிலோ ஏறியிருந்தார். அந்த நிறையை மாதாமாதம் கொப்பியில் எழுதியவளும் நான்தான். குளோபசாம் போன்ற மருந்துகளோ தசையைத் தளர்த்துகிறவை, மூச்சுத்தடை உள்ளவருக்கு எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டியவை. அப்படியென்றால் என்னுடைய ஒரு வசனத்தால் அவருடைய தொண்டை இன்னும் தளர்ந்திருக்கலாம். இதைவிட மோசமான ஒன்றும் மனதில் ஓடுகிறது. அக்கா விரல் மடித்து எண்ணிய அந்த நாலில் எத்தனை வலிப்பு, எத்தனை நான் வாங்கில் கண்டதுபோன்ற வெறும் உதறல்? நான் எழுதிய எண்ணைப் பார்த்துத்தானே மருந்து கூடியது.

ஆனாலும் முழுப் பழியையும் என் மேல் போட்டுக்கொள்வதும் ஒருவகைப் பெருமைதான் என்று சில நேரம் தோன்றுகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வலிப்பு மருந்துக்கு அடங்காமல் மூளைச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 39 பேரைப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த மூச்சுத்தடை இருந்திருக்கிறது. நிபுணர்களிடம் போய் வந்தவர்களிடமே அது அதுவரை ஒளிந்திருந்தது என்றால், ஒரு சிறு வைத்தியசாலையின் மேசையில் அது தப்பியதை எப்படி எடுத்துக்கொள்வது? மேலும், மூச்சு நின்ற கையோடு வலிப்பு வரும் என்று நான் மனதில் போட்டுவைத்திருந்த கணக்கும் அவ்வளவு நேரானதல்ல. மூச்சுத்தடை பெரும்பாலும் நீள்வது கனவு காணும் நித்திரையில். வலிப்பு மிக அரிதாக வருவதும் அதே நித்திரையில். ஒன்று மற்றொன்றைக் கையைப் பிடித்து இழுத்து வருவதில்லை, இரவு முழுவதையும் கெடுத்து வழிவிடுகிறது. இதை வாசித்தபோது எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வைத்தியர் அவரைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே குளோபசாமைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார்கள், நித்திரைப் பரிசோதனைக்குப் பெயர் எழுதினார்கள். மூக்கில் கவசம் மாட்டிக் காற்றை அழுத்தி மூச்சுவழியைத் திறந்து வைத்திருக்கும் இயந்திரத்தைப் பற்றியும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் அறிமுகப்படுத்திய முறை அது. விலையைக் கேட்ட அண்ணை, "கொட்டிலிலை கரண்ட் இல்லையே மிஸ்" என்று மட்டும் சொன்னார். ஒரு பக்கமாகச் சரிந்து படுக்கப் பழகினார், ஆறு கிலோ குறைத்தார். வலிப்பு குறைந்தது. அதே மாதத்தில் அறுவடையும் முடிந்து, அவர் கொட்டிலை விட்டு வீட்டில் படுக்கத் தொடங்கியிருந்தார். மருந்தா, நிறையா, வயலில் நெல் இல்லாததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த காலபோகத்தில் தெரியலாம். தெரிய வேண்டும் என்று விரும்புவது சரியா என்றும் தெரியவில்லை.

போன மாதம் அந்த அக்காவிடம் கேட்டேவிட்டேன். அன்றைக்கு இழுக்கும் என்றது மூச்சையா, கை காலையா? அவர் கொஞ்சம் யோசித்தார். "வலிப்பைத்தான் சொல்லியிருப்பன் மிஸ். வேறை என்னத்தைச் சொல்லப்போறன்?" என்றார். வாங்கில் "இதைத்தான்" என்று சொன்னதை நினைவூட்டினேன். "அதுவும்தான்" என்றார்.

இப்போதெல்லாம் வீட்டுக்காரர் சொல்வதைச் சொன்ன சொல் மாறாமல் தமிழிலேயே கொப்பியின் ஓரத்தில் எழுதிவிடுகிறேன். சென்ற கிளினிக்கில் வேறொருவரின் கொப்பியில் அப்படி எழுதியிருந்த இரண்டு வரியின் மேல் வைத்தியர் பேனையை வைத்து, இது என்ன என்று கேட்டார். வெளியே எழுபது பேர் இருந்தார்கள். நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன்.