மகளின் நட்சத்திரம்

பாபநாசத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். திருக்கருகாவூருக்கு ஆறு கிலோமீட்டர்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் இதே சாலையில் வந்தபோது மடியில் நெய் டப்பாவை வைத்திருந்தேன். இம்முறை மடியில் ஒன்றரை வயது மகள், நெற்றியை என் கழுத்தில் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கர்ப்பரட்சாம்பிகை சந்நிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலமிட்டு, அம்பாள் பாதத்தில் வைத்துத் தரும் நெய்யைப் பிள்ளை வரம் வேண்டிக் கணவனும் மனைவியும் 48 நாள் உண்பது இங்குள்ள வழக்கம். அன்று மெழுகியபோது விரல் நுனிவரை நம்பிக்கை இருந்தது. ஒரு மாதம்கூட முடியவில்லை, வயிறு உப்பி வலித்தது. சினைப்பையில் புற்றுநோய் என்றார்கள். கருப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பிறகு ஆறு கீமோ. மீதி நெய்யை அம்மா பூஜை அலமாரியில் பத்திரப்படுத்தினாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அம்பாளிடம் எனக்கு அவ்வளவு கோபம்.

தத்தெடுக்கலாம் என்று முடிவு செய்த பிறகும் நோய் விடவில்லை. பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக்கூடாது என்பது விதி. ஐந்து ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்த பிறகுதான் மருத்துவர் சான்றிதழில் கையெழுத்திட்டார். மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு, வீட்டு ஆய்வு, மூன்று ஆண்டுக்கும் மேல் காத்திருப்பு. ஒரு நாள் புகைப்படம் வந்தது. முடிவு சொல்ல 48 மணி நேரம் தருவார்கள். எங்களுக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. எட்டு மாதக் குழந்தையாக வீடு வந்தாள்.

பிரகாரத்தில் நடக்கையில் அப்பா தலபுராணத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். கருவுற்றிருந்த வேதிகை அயர்ந்திருந்த நேரத்தில் ஊர்த்துவபாத முனிவர் பிச்சைக்கு வந்தார். அவள் எழுந்து வராததால் சபித்தார், கரு கலைந்தது. அவள் கதறக் கேட்ட அம்பாள் அந்தக் கருவை ஒரு குடத்தில் வைத்துக் காத்தாள். குழந்தை பிறந்ததும் காமதேனு வந்து பால் கொடுத்தது. சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்றுதான் எனக்கு உறைத்தது: நைத்துருவன் என்ற அந்தக் குழந்தை வளர்ந்தது வேதிகையின் வயிற்றில் அல்ல, குடித்தது அவள் பாலும் அல்ல. இருந்தும் அவன் அவள் பிள்ளை. புராணத்தில் ஒருவரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. பத்து ஆண்டுகளாக நான் கோபித்துக்கொண்ட தாய், என் கதையைத்தான் தன் தலபுராணமாக வைத்திருந்தாள். கண்ணீர் தானாக வந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

முல்லைவனநாதரை முதலில் தரிசித்தோம். சுயம்புவான மண் லிங்கம் என்பதால் அபிஷேகம் கிடையாது, புனுகு மட்டும் சாத்துகிறார்கள். பிறகு அம்பாள். ஒரு கை வயிற்றைத் தாங்கினாற்போல் நிற்கும் அந்தக் கோலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"குழந்தை பெயர், நட்சத்திரம் சொல்லுங்கள் அம்மா" என்றார் குருக்கள்.

பெயரைச் சொன்னேன். நட்சத்திரத்துக்கு வாய் வரவில்லை. அவளுடைய ஆவணத்தில் இருக்கும் பிறந்த தேதி மருத்துவர்கள் கணித்துப் போட்டது. எந்த நாளில், எந்த நேரத்தில் பிறந்தாள் என்பது அவளைப் பெற்றவளுக்குத்தான் தெரியும். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், அன்றும் வேண்டிக்கொண்டேன்.

பின்னால் நின்ற அப்பா, அப்பர் இத்தலத்தில் பாடிய திருத்தாண்டகத்தை மெல்ல எடுத்தார்: "குருகாம் வயிரமாங் கூறு நாளாங் கொள்ளுங் கிழமையாங் கோளே தானாம்." நாளும் கிழமையும் கோளும் சிவனே. எத்தனையோ முறை அப்பா வாயால் கேட்ட வரிதான். நாள் என்றால் நட்சத்திரம் என்று அவர் சொல்லித்தந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"ரேவதி" என்றார் என் கணவர். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளின் நட்சத்திரம்.

குருக்கள் சங்கல்பத்தில் ரேவதி என்றே சொன்னார். அம்மா பக்கத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தீபாராதனை முடிந்து கீழே இறக்கிவிட்டதும் மகள் நேராகப் படிக்குப் போனாள். சற்று முன் யாரோ ஒரு பெண் மெழுகிவிட்டுப் போன நெய் அதில் பளபளத்தது. சுட்டுவிரலால் ஒரு துளியைத் தொட்டாள், நாக்கில் வைத்தாள், மறுபடியும் குனிந்தாள்.