சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நாள்: தோட்டத்து மாரியம்மன் முதல் ஈப்போ குகைகள் வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் இரவு தங்கிவிட்டு, காலையில் முதுகுப்பையோடு குகைக் கோயில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள். நேரே ஈப்போவுக்குப் போய், குனோங் ராப்பாட் பக்கம் இருக்கும் குகைகளைக் காலையில் பார்த்துவிட்டு, மதியம் கல்லுமலை முருகனைத் தேடி வருவார்கள். அதற்குள் உச்சிகால பூசை முடிந்து நடை சாத்தியிருக்கும். நம் கோயில்கள் நண்பகலில் சாத்தி மாலையில்தான் திறக்கும். சீனக் குகைக் கோயில்கள் காலையில் திறந்தால் இடைவேளை இல்லாமல் மாலை வரை இருக்கும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் நாளின் வரிசை தானே அமைந்துவிடும்: விடியலில் தோட்டத்து மாரியம்மன், பிறகு வழியிலேயே இருக்கும் சீனக் குகைக் கோயிலான பேராக் தோங், பதினொன்றுக்கு முன் கல்லுமலை, சாப்பாட்டுக்குப் பிறகு குனோங் ராப்பாட்.

பையில் எடை 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். பேராக் தோங்கில் மட்டுமே 450 படி என்பார்கள். ஏறி இறங்க வேண்டியது அந்தப் பையோடுதான். ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, ஒரு கைலி அல்லது வேட்டி, காலணி போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை, சிறிய டார்ச் விளக்கு, ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகள் கொஞ்சம். சில்லறை இல்லாமல் அர்ச்சனைச் சீட்டுக்கு ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினால் பின்னால் நிற்பவர்களுக்கும் தாமதம். அரைக்கால் சட்டையோடு கிளம்பியவர்களைக் கைலி காப்பாற்றும். குகையில் திடீரென்று குளிரும்போது போர்த்திக்கொள்ளவும் உதவும். காலணி அடிப்பாகம் தேய்ந்ததாக இருக்கக் கூடாது. சுண்ணாம்புக் குகைப் படிகள் வெயில் காலத்திலும் ஈரமாகவே இருக்கும்.

தோட்டத்துக் கோயிலை, 'இது நம்ம ஊர்க் கோயில்தானே' என்று யாரும் கலைக்கண்ணோடு பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பாலெடுக்கப் போகும் முன் லயத்து (வரிசை வீட்டு) மக்கள் கும்பிட்டுவிட்டுப் போன தெய்வங்கள் இவை. மாரியம்மன் லயத்துக்கு அருகில் இருப்பாள். முனியாண்டி பெரும்பாலும் எல்லையில், மரத்தடியில். மதுரைவீரன் குதிரை மேல், ஓங்கிய வாளோடு, இரு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். சூரியன் எழுந்ததும் பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் இந்தச் சுதை உருவங்களின் விரல்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உள்ளே கம்பி, அதைச் சுற்றிச் செங்கல்லும் சிமெண்டும், மேலே மெல்லிய பூச்சு, அதன் மேல் வண்ணம். மழை நீர் மயிரிழை விரிசல் வழியாக உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பினால் பூச்சு பிளக்கும். அதனால்தான் முதலில் உடைவது விரல் நுனி, அடுத்து வாள் பிடித்த மணிக்கட்டு. ஒவ்வொரு குடமுழுக்குக்கும் பழைய வண்ணத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே எனாமல் பூசினால் கண்ணிமையின் கோடும் அட்டிகையின் மணிகளும் மெல்ல மெல்ல மூடிப்போகும். பழைய கைவேலை எவ்வளவு நுட்பமாக இருந்தது என்பது தெரிய வேண்டுமானால் வண்ணம் அதிகம் எட்டாத இடத்தைப் பாருங்கள்: குதிரையின் அடிவயிறு, கிரீடத்தின் பின்புறம்.

பசியாறிவிட்டு எட்டரை மணிக்குள் பஸ் ஏறிவிடலாம். கோலாகங்சார் சாலை வழியாக ஈப்போ போகும் பஸ்ஸாக இருக்க வேண்டும். விரைவுச்சாலையில் போகும் வண்டியில் ஏறினால் பேராக் தோங்கைத் தாண்டி நகருக்குள் போய், அங்கிருந்து 6 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியிருக்கும். ரயிலில் போனாலும் இதே கதைதான். செம்மோர் தாண்டியதும் சுண்ணாம்பு மலைகள் சாலையின் பக்கம் நெருங்கி வரும். தாசேக் மலையடிவாரத்தில் கோயில் முகப்பு தெரிவதற்கு முன்பே ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள்.

பேராக் தோங் 1926-ல் சீனாவிலிருந்து வந்த ஒரு தம்பதியால் நிறுவப்பட்டது. உள்ளே நுழைந்ததும் நடுவில் 12.8 மீட்டர், அதாவது ஏறக்குறைய 42 அடி உயரப் புத்தர் அமர்ந்திருக்கிறார். வெளி வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் பொன்நிறம் மட்டும்தான் தெரியும். ஓரமாகப் பத்து நிமிடம் நில்லுங்கள். கண் பழகியதும் சுவர்களில் இருக்கும் ஓவியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவசரப்பட்டுப் படம் எடுத்துவிட்டுப் படியேறுகிறவர்கள் இங்கே பார்க்க வேண்டியதில் பாதியைப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு தமிழ்ப் பக்தர் அந்நியராக நிற்க வேண்டியதே இல்லை. புத்தரின் இருபுறமும் ஆயுதமும் இசைக்கருவியும் தாங்கிய பெரிய காவல் உருவங்கள் இருக்கின்றன. சீன பௌத்தக் கோயில்களில் நான்கு திசைக் காவலர்களை வைப்பது மரபு. வழக்கமாக ஒருவர் கையில் வாள், ஒருவரிடம் வீணை போன்ற நரம்புக் கருவி, ஒருவரிடம் குடை, ஒருவரிடம் பாம்பு. குடை பிடித்த வடதிசைக் காவலர் வைசிரவணன், நம் குபேரனேதான். இந்த நான்கு பொருள்களையும் சீன மொழியில் சிலேடையாகவும் குறிப்பாகவும் சேர்த்து வாசித்தால், 'காற்றும் மழையும் முறையாக அமையட்டும்' என்ற வேண்டுதல் கிடைக்கும். தோட்டத்து மக்களுக்கு இதன் அருமை தனியே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியலில் மழை பிடித்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டிய பின் மழை வந்தால் கோப்பையில் பாலோடு தண்ணீர் கலந்து அன்றைய உழைப்பு போய்விடும். மாரி என்றாலே மழைதான். காலையில் மாரியம்மனிடம் கேட்டதைத்தான் இந்த நால்வரிடம் சீனக் குடியானவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொருவரைத் தேடிப் பாருங்கள். சீனக் கோயில்களில் சிரிக்கும் தொந்திப் புத்தருக்குப் பின்புறம், முதுகோடு முதுகாக, கவசம் அணிந்த இளம் தளபதி ஒருவரை நிறுத்துவது பொது வழக்கம். அவர் பெயர் வெய்த்துவோ. ஸ்கந்தனோடு அடையாளம் காணப்படுபவர்; கையில் இருப்பது வஜ்ரத் தண்டு. நம் சிற்ப மரபில் சுப்பிரமணியரின் பின் கைகள் சக்தியையும் வஜ்ரத்தையும் ஏந்தியிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகப் போகும் துறவிகளிடையே இவரைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. தண்டு தோளில் இருந்தால் அது பெரிய மடம், மூன்று நாள் தங்கலாம். கைகளின் மேல் கிடையாக இருந்தால் ஒரு நாள். தண்டைத் தரையில் ஊன்றியிருந்தால் அங்கே தங்க வசதியில்லை. பை சுமந்து நடக்கிறவர்களுக்காகவே சொல்லி வைத்தது போல இருக்கிறது. அன்று பார்க்கும் ஒவ்வொரு கோயிலிலும் இவர் இருக்கிறாரா, தண்டு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள்.

பக்கவாட்டில் ஏறும் ஒரு வழியில், பெரிதாகத் தீட்டப்பட்ட குவான் யின் அம்மையின் உருவம் இருக்கிறது. அவலோகிதேசுவரரே சீனத்தில் அம்மை வடிவமாகியிருக்கிறார். பதினோராம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்கிறது. அந்தப் படத்துக்கு முன் நின்று தமிழில் ஒரு வார்த்தை சொல்லி வணங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

ஊதுபத்தி ஏற்றினால் மூன்று போதும். வாயால் ஊதி அணைக்கக் கூடாது. கையால் வீசி அணைக்க வேண்டும். இரு கையாலும் நெற்றிக்கு நேரே உயர்த்தி வணங்கிவிட்டு மண் சட்டியில் நேராகக் குத்துங்கள். சாய்த்துக் குத்தினால் சாம்பல் அடுத்தவர் கையில் விழும். கத்தையாக ஏற்றுவதைத் தயவுசெய்து தவிர்க்கவும். சுவர் ஓவியங்களின் மேற்பகுதி மங்கியிருப்பதற்குப் பெரிய காரணம் ஊதுபத்திப் புகையின் கரிதான். கீழே வெள்ளை வெள்ளையாக வழிந்திருப்பது வேறு: மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பாறைக்குள் இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைக்கிறது; குகைச் சுவரில் வெளிப்பட்டதும் அந்தச் சுண்ணாம்பை ஓவியத்தின் மேலேயே படிய விடுகிறது. விளக்குக்குப் பக்கத்தில் பச்சையாக இருந்தால் அது பாசி. அந்த வெள்ளைப் படிவை விரலால் சுரண்டிப் பார்க்கிறார்கள். அதோடு சேர்ந்து வண்ணமும் வந்துவிடும். தொடாதீர்கள்.

உச்சிப் படி ஏறுவதானால் மழை பெய்த மறுநாள் நிதானம் வேண்டும். உள்ளே இருட்டுப் பகுதிகளில் படியின் உயரம் ஒரே அளவாக இருக்காது. இறங்கும்போதுதான் கால் தவறும். மேலே வந்தால் கிந்தா பள்ளத்தாக்கு தெரியும். சுண்ணாம்பு மலைகளோடு, பாதி குடைந்தெடுக்கப்பட்ட மலைகளும் தொழிற்சாலைகளும் தெரியும். கோயில் இருக்கும் மலை பிழைத்திருக்கிறதே என்று நெஞ்சு நிறையும்; மற்றவற்றைப் பார்த்தால் வலிக்கும். வெளியே வரும்போது கேமரா கண்ணாடியில் ஆவி படரும். குளிர்ந்த கண்ணாடியில் வெளியின் சூடான ஈரக்காற்று பட்டதால்தான் அப்படி. துடைக்காமல் ஐந்து நிமிடம் விட்டால் தானே போய்விடும்.

பத்தரைக்குள் கல்லுமலைக்குக் கிளம்பிவிடுங்கள். கிராப் வண்டியில் சில நிமிடம்தான். குனோங் செரோ மலைச்சுவரை ஒட்டி இருக்கிறது சுப்பிரமணியர் ஆலயம். தைப்பூசத்தன்று ஈப்போவின் புந்தோங் பகுதியிலிருந்து காவடிகள் இங்கேதான் வந்து சேரும். அன்றைக்குக் கலை பார்க்க முடியாது; பக்தியோடு கூட்டத்தில் கரையத்தான் முடியும். சாதாரண நாளில் வந்தால் கருவறை வாயிலில் துவாரபாலகர்களைப் பாருங்கள். முருகன் கோயிலில் இவர்களுக்குச் சுதேகன், சுமுகன் என்று பெயர். சுட்டுவிரலை உயர்த்தியிருந்தால் எச்சரிக்கை. உள்ளங்கையை விரித்து மேலே காட்டினால் 'உள்ளே இருப்பவர் பெருமையைச் சொல்ல முடியாது' என்ற வியப்பு. கோயில் திருப்பணிக்காகப் பாலாலயத்தில் இருந்தால் கருவறையில் தரிசனம் இருக்காது. கோபுரத்தில் சாரம் கட்டியிருக்கும். அதை அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. மூலவரைப் படம் எடுக்க வேண்டாம். பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொண்டு வலம் வாருங்கள். குறுகிய பிரகாரத்தில் திரும்பும்போது முதுகில் இருக்கும் பை விளக்கில் இடிக்கும்.

மலையடிவாரத்தில் நிற்கும்போது ஒரு நிமிடம் மௌனமாக இருப்பது முறை. 1973 அக்டோபர் 18 அன்று இந்த மலையிலிருந்து பெரும் பாறை பெயர்ந்து குடியிருப்புகளின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். இங்கே குடியிருந்த கச்சாங் பூத்தே செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பின்னர் புந்தோங்குக்கு இடம் மாறின. இன்றைக்கும் ஈப்போவின் முறுக்கும் கடலையும் அங்கிருந்துதான் ஊரெல்லாம் போகின்றன. சுண்ணாம்புப் பாறையில் நீர் விரிசலை அகலப்படுத்திக்கொண்டே இருக்கும்; பெருமழைக்குப் பின் பாறைச்சுவரின் நேர் கீழே உட்கார்ந்து இளைப்பாறாதீர்கள். எந்தக் குகையிலும் கயிறு கட்டி மூடிய பகுதிக்குள் படம் எடுக்க நுழைய வேண்டாம்.

மதியச் சாப்பாடு லிட்டில் இந்தியாவில் வாழையிலையில் முடித்துக்கொள்ளலாம். விரதம் இருப்பவர்களுக்குச் சீனச் சைவக் கடைகளும் ஏற்றவை. வெங்காயம் பூண்டு சேர்க்காத சமையல் அவர்களிடம் வழக்கமாக உண்டு.

குனோங் ராப்பாட்டில் சாம் போ தோங்கையும் அதன் பக்கத்துக் குகைகளையும் முக்கால் மணியில் பார்த்துவிடலாம். ஆமைக் குளம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். கெக் லோக் தோங்குக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதே மலையின் மறுபக்கம் அது. நடந்து குறுக்கே போக வழி இல்லை, சாலை சுற்றித்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் இரும்புத் தாது எடுத்த குகை. உயர்ந்த கூரை, குளிர்ந்த காற்று, நடுவில் வெண்கலத் திருமேனிகள். பேராக் தோங்கில் சுவரைப் பார்த்தோம். இங்கே பார்க்க வேண்டியது கூரையிலிருந்து தொங்கும் கற்பாளங்கள். திரைச்சீலையின் மடிப்புப் போல இருக்கும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதையும் வெண்கலத் திருமேனியின் ஆடை மடிப்பையும் மாறி மாறிப் பாருங்கள். பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கும் குளத்துக்கும் இறங்கலாம். அங்கே இருக்கும் கூழாங்கல் நடைபாதையில் வெறுங்காலோடு மெதுவாக நடந்தால், காலையிலிருந்து படியேறிய பாதத்துக்கு முதலில் வலி, பிறகு சுகம்.

மூன்று மணிக்கு மேல் ஈப்போவில் இடிமழை வருவது சகஜம். குகைக்குள் இருக்கும்போது மழை பிடித்தால் பின்வாசல் பக்கம் உள்ளேயே உட்கார்ந்து பாருங்கள். மலையிலிருந்து நீர் கம்பி கம்பியாக இறங்கும். இடி நிற்கும் வரை தோட்டத்துக்கு இறங்க வேண்டாம். மழை நேரத்தில் கிராப் கிடைக்க நேரமாகும், கட்டணமும் ஏறும். ஐந்து மணிக்கு முன்பே வண்டிக்குப் பதிந்தால் சுங்கை சிப்புட் பஸ்ஸைத் தவறவிட மாட்டீர்கள்.

ஊர் திரும்பியதும் கால் கழுவிவிட்டு, மாலை பூசைக்குத் தோட்டத்துக் கோயிலில் நில்லுங்கள். தீபாராதனை மதுரைவீரன் பக்கம் திரும்பும்போது வெளிச்சம் கீழிருந்து மேலாக ஏறும். காலையில் நிழலில் கிடந்த குதிரையின் அடிவயிறும் சேணத்தின் மணிகளும் அப்போது தெரியும்.