கீழ்க் கிண்ணத்தில் பத்தொன்பது குழிகள்

பாம்பன் சாலைப் பாலத்தில் தீவை நோக்கி ஏறும்போது வாடைக் காற்று இடப்புறமிருந்து வந்து மோதும். காற்றின் வேகத்துக்கு ஏற்ப ஹேண்டிலைச் சற்றே சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவது இந்தக் கரையில் வண்டி ஓட்டுபவர்களுக்குக் கைப்பழக்கம். கடந்த கார்த்திகையில் அந்த மேட்டில் ஏறியபோது, ஹேண்டில் நான் பிடித்த இடத்தில் நிற்காமல், ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்ததைப் போல நடுவில் வந்து மாட்டிக்கொண்டது. சற்று அழுத்தித் திருப்பினால், அந்தப் பள்ளத்திலிருந்து வெடுக்கென்று வெளியேறி, வேண்டிய அளவுக்கு மேல் திரும்பியது. பக்கத்தில் பேருந்து வந்துகொண்டிருந்த நேரத்தில் இப்படி இரண்டு முறை நிகழ்ந்த பிறகு, மண்டபம் திரும்பும்வரை முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை.

வண்டி, வாப்பா 1976-இல் வாங்கிய புல்லட் 350. திருவொற்றியூர் ஆலையில் உருவானது. வலப்பக்கம் கியர், 19 அங்குலச் சக்கரங்கள். கீழக்கரையிலேயே வளர்ந்த அந்த வண்டி இராமேசுவரம் தீவின் மணலை மிதித்தது, 1988-இல் சாலைப் பாலம் திறந்த பிறகுதான். அதற்கு முன்பு தீவுக்கு ரயில் பாலம் ஒன்றே வழி.

வீட்டுக்கு வந்ததும் என்ஜினுக்கு அடியில் பனங்கட்டை ஒன்றைக் கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். ஹேண்டிலை ஒற்றை விரலால் மெல்லத் தள்ளினால், நடுவில் அது நின்றது. முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்து, அதைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தபோது ‘டக், டக்’ என்று ஒலி கேட்டது. நடுவில் பிடிப்பும் முன்பின் ஆட்டமும் சேர்ந்து இருந்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தின் மேலும் கீழும் கிண்ணம், கோன், அவற்றுக்கு இடையே உருளும் குண்டுகள் என அமைந்த பேரிங், முடிந்துவிட்டது என்று பொருள். ஆட்டம் மட்டும் இருந்தால் இறுக்கிப் பார்க்கலாம். குழி விழுந்த பிறகு இறுக்குவது அந்தக் குழியை ஆழப்படுத்துவதற்குச் சமம்.

குழி ஏன் நடுவில் மட்டும் விழுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். சக்கரத்திலுள்ள பேரிங் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருப்பதால் அதன் குண்டுகள் கிரீஸை எல்லா இடத்துக்கும் கொண்டு செல்கின்றன. கழுத்துப் பேரிங்கோ வாழ்நாளில் ஒருமுறைகூட முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. நெடுஞ்சாலையில் போகும்போது அது நேர்நிலையிலிருந்து இரண்டொரு பாகை மட்டுமே அசைகிறது. அந்தச் சிறிய அசைவில் குண்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவேயுள்ள கிரீஸ் பிதுங்கி வெளியேறுகிறது. மறுபடி உள்ளே வர அதற்கு வாய்ப்பில்லை. பிறகு இரும்பும் இரும்பும் நேரடியாக உரசுகின்றன. வேகத்தடைகளும் சாலைப் பள்ளங்களும் கொடுக்கும் அடி ஒவ்வொன்றும், கிண்ணத்தில் பத்தொன்பது குண்டுகள் நிற்கும் அதே பத்தொன்பது புள்ளிகளில் இறங்குகிறது.

எங்கள் கரையில் இதனுடன் இன்னும் மூன்று சேர்கின்றன. ஒன்று மணல், 2017-இல் திறக்கப்பட்ட அரிச்சல்முனைச் சாலையில் காற்று வீசும் நாளில் போய்வந்தவர்களுக்கு அது எங்கெல்லாம் புகும் என்று தெரியும். இரண்டாவது உப்புக் காற்று. மூன்றாவதை நாமே செய்கிறோம்: குடிக்கக் காவிரி நீர் குழாயில் வருவதால், வண்டி கழுவ உவர்ப்பான கிணற்று நீரைப் பயன்படுத்துகிறோம், அதையும் பம்பு வைத்துக் கழுத்துக்கு அடியில் பீய்ச்சுகிறோம். கீழ்க் கிண்ணத்துக்கு அந்தக் காலத்து வண்டிகளில் ரப்பர் சீல் எதுவும் கிடையாது. வண்டியின் முன்பாரமும் பிரேக் பிடிக்கும்போது வரும் தள்ளலும் அதன்மேல்தான் விழுகின்றன. சக்கரம் வாரியிறைக்கும் சேறும் அங்கேதான் போகிறது. இந்தக் கரையில் அதன் ஆயுளை ஓடிய கிலோமீட்டரைக் கொண்டு கணிக்கவே முடியாது என்பது என் கருத்து.

முன்சக்கரம், மட்கார்டு, ஹேண்டில் பார் ஆகியவற்றைக் கழற்றுவதில் சிக்கல் இல்லை. ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், அம்மீட்டர் மூன்றையும் தாங்கும் அலுமினிய வார்ப்புக் கூடுதான் பழைய புல்லட்டில் ஃபோர்க்கின் மேல் பிடிப்பாகவும் இருக்கிறது. எனவே வயர்களை அவிழ்க்காமல் அது வராது. நான் ஒவ்வொரு வயரிலும் துணி நாடா கட்டி எண் எழுதினேன், கைப்பேசியில் படமும் எடுத்தேன். கழுத்துத் தண்டின் நட்டை விடுவதற்கு முன்பு கீழே பழைய போர்வை ஒன்றை விரித்துவைக்க வேண்டும். குண்டுகள் கூட்டில் அடங்கியவை அல்ல, தனித்தனியானவை. தண்டு இறங்கியதும் மழைபோலச் சிதறும்.

மேலே 19, கீழே 19, ஒவ்வொன்றும் கால் அங்குலக் குண்டு, இதுதான் கணக்கு. கீழேயிருந்து எனக்குக் கிடைத்தவை பதினெட்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் இதே வேலையைக் கொடுத்திருந்தேன். அப்போது பழைய கிண்ணங்களை அப்படியே விட்டுவிட்டுப் புதிய குண்டுகளை மட்டும் போட்டிருக்கிறார்கள், அதிலும் ஒன்று குறைவாக. கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது எல்லாம் விளங்கியது. முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஆழமாகவும், பக்கவாட்டில் மேலோட்டமாகவும், ஏறக்குறைய பத்தொன்பது பாகைக்கு ஒன்றாகக் குழிகள் வரிசையாகப் பதிந்திருந்தன; குழிக்குள் கிரீஸ் காய்ந்து செந்நிறத் துருத்தூளாகியிருந்தது. விரல் நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் தட்டி நின்றது.

உதவிக்கு வந்த தம்பி, “காக்கா, கிண்ணத்தக் கொஞ்சம் திருப்பி அடிச்சா இன்னும் ஒரு வருஷம் ஓடுமே?” என்றான். அது பழைய மெக்கானிக்குகள் செய்யும் வழிதான்: கிண்ணத்தை அரைக் குழி தூரம் திருப்பிப் பொருத்தினால், மேலும் கீழும் உள்ள குழிகள் நேர்நிலையில் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும், பிடிப்பும் மறையும். நடுவழியில் நின்றுவிட்டால் நானும் அதைச் செய்வேன். வீட்டு முற்றத்தில், கையில் புதிய செட் இருக்கும்போது அதைச் செய்ய மனம் ஒப்பவில்லை. குண்டு, கிண்ணம், கோன் மூன்றும் சேர்ந்தே தேய்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைச் சில மாதங்களில் கெடுத்துவிடும்.

கூம்பு உருளை பேரிங் போட்டுவிடுங்கள், பிறகு கவலையே இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. உருளைகள் பாரத்தைப் புள்ளியில் தாங்காமல் கோட்டில் தாங்குவதால் குழி விழுவது குறையும் என்பது உண்மையே. ஆயினும் அவற்றின் உயரம் பழைய செட்டோடு ஒத்துவராவிட்டால் வாஷர் வைக்கவும் கடைசல் பிடிக்கவும் நேரிடும். உப்பு நீர் புகுந்தால் அவையும் துருவேறும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாப்பாவைச் சுமந்த அமைப்பில் குறையில்லை, கவனிப்பில்தான் குறை என்று எனக்குத் தோன்றியதால் குண்டிலேயே நின்றேன்.

பழைய கிண்ணங்களைக் கழுத்துக் குழாயின் மறுமுனையிலிருந்து பித்தளைக் கம்பியைக் கொடுத்து, இந்தப் பக்கம் ஓர் அடி, எதிர்ப்பக்கம் ஓர் அடி என்று மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றினோம். புதியவற்றை முந்தைய இரவே பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்திருந்தேன். 45 மி.மீ. விட்டமுள்ள எஃகு வளையம் 50 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் ஏறத்தாழ 0.025 மி.மீ. சுருங்கும், கேட்க அற்பமாக இருந்தாலும், இறுக்கமாக உட்காரும் பொருளுக்கு அது பெரிய உதவி. சுத்தியலால் அடிக்காமல், நீளமான மரையாணிக் கம்பியின் இரு முனைகளிலும் கனத்த வாஷரும் நட்டும் போட்டு மெல்ல இழுத்து உட்காரவைத்தோம். கிண்ணத்தின் விளிம்புக்கும் குழாய்க்கும் இடையே மெல்லிய தாள்கூட நுழையாத நிலை வரும்வரை விடவில்லை. மிச்சமிருக்கும் இடைவெளி ஓடும்போது தானாக மூடிக்கொள்ளும், அப்போது இறுக்கம் தளர்ந்துவிடும்.

கிரீஸ், விசைப்படகுக்காரர்கள் வாங்கும் கடையில் வாங்கிய, உப்பு நீரைத் தாங்கும் வகை. இருவேறு வகைக் கிரீஸ்கள் கலந்தால் இளகி ஓடிவிடக்கூடும் என்பதால் பழையதைத் துளியும் மிச்சமில்லாமல் துடைத்தேன். கிண்ணத்தில் தாராளமாகத் தடவி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தால், வெயில் காலமாக இருந்தாலும் அவை ஒட்டி நிற்கும். பத்தொன்பதும் வைத்த பிறகு சிறிது இடைவெளி தெரியும். அதை நிரப்ப இருபதாவதைத் திணிக்கக் கூடாது. அடுத்தடுத்த குண்டுகள் தொடும் இடத்தில் எதிரெதிர்த் திசையில் உரசுகின்றன, அவை விலகி ஓட அந்த இடம் வேண்டும்.

இறுக்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் நட்டைச் சற்று அழுத்தமாக இறுக்கி, ஹேண்டிலை இருபுறமும் முழுமையாகப் பத்து முறை திருப்பி, பிறகு தளர்த்தி, ஆட்டம் மறையும் புள்ளிவரை மட்டும் மறுபடி இறுக்கினேன். கேபிள்களை மாட்டுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும், ஏனெனில் அவற்றின் விறைப்பு கையை ஏமாற்றும். சக்கரம் தூக்கிய நிலையில், நேராக நிறுத்தி விரலால் தொட்டால், ஃபோர்க் தன் எடையாலேயே இடத்துக்கும் வலத்துக்கும் சரிந்து விழ வேண்டும். முன்பின் அசைத்தால் ஒலி வரக் கூடாது. அளவுக்கு மீறி இறுகிய கழுத்து, மெதுவாகப் போகும்போது வண்டியைக் குடிகாரன் நடையாக அலையவைக்கும். பிடிப்புத் திருகை முடுக்கிய பிறகு அதே சோதனையை இன்னொரு முறை செய்தேன். நட்டு கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்திருந்தது, திருத்திக்கொண்டேன்.

மறுநாள் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் பெரியபட்டினம், உச்சிப்புளி வழியாக மண்டபம் போய்ப் பாலத்தில் ஏறினேன். காற்று நன்றாகவே இருந்தது. ஹேண்டில் எங்கே பிடித்தேனோ அங்கேயே நின்றது. கீழே விசைப்படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. உச்சியில் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இருநூறு கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் கட்டையில் ஏற்றிப் பார்த்ததில் மிகச் சிறிய ஆட்டம் தெரிந்தது, அதற்கு எட்டில் ஒரு பங்குத் திருப்பு போதுமானதாக இருந்தது. கீழ்க் கிண்ணத்தின் வெளிவிளிம்பைச் சுற்றி ஒரு விரற்கடை கனத்துக்குக் கிரீஸ் வளையம் பூசிவைத்திருக்கிறேன். அடுத்த ஐப்பசிக்கு முன், மழை தொடங்குவதற்குள், அதைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.