ஆனையிறவை வகுப்பில் நடத்துவது

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். மாணவர்களில் பலர் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள். ஊர் வாயில் இன்றும் ‘சிலோன்காரங்க’தான்.

இலங்கைப் போர் என்றால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். துறைத்தலைவர் மட்டும் “பார்த்து சார்” என்பார். யார் வீரன், யார் துரோகி என்று ஆரம்பித்தால் பெல் அடிக்கும்வரை அதிலேயே போய்விடும். அதனால் முதலில் கரும்பலகையில் வரைபடம்தான்.

இலங்கையின் வடக்கே யாழ் குடாநாட்டையும் அதற்குத் தெற்கேயுள்ள வன்னியையும் சேர்க்கும் ஒடுங்கிய நிலம் ஆனையிறவு. இருபுறமும் கடல்நீரேரி, உப்பளம், நடுவே கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலை. 1991 ஜூலையில் புலிகள் அங்கிருந்த ராணுவ முகாமை முற்றுகையிட்டு நேராக மோதினார்கள். ஒதுங்க மறைவில்லாத வெட்டவெளி. ராணுவம் வெற்றிலைக்கேணியில் கடல்வழியாக இறங்கி, வாரக்கணக்கில் சண்டையிட்டு முகாமைச் சேர்ந்தது. இருபக்கமும் நூற்றுக்கணக்கில் சாவு. முகாம் விழவில்லை.

2000-இல் கணக்கே வேறு. மார்ச் கடைசியில் புலிகளின் தளபதி பால்ராஜ் தலைமையில் ஓர் அணி குடாரப்பில் தரையிறங்கி, முகாமுக்குப் பின்னால் இத்தாவிலில் ஏ-9 சாலையை மறித்தது. அப்புறம் இயக்கச்சி கைமாறியது. முகாமுக்குக் குடிநீர் தந்த கிணறுகள் அங்கேதான். ஏப்ரல் வெயில், சுற்றிலும் உப்புத்தண்ணீர். 22ஆம் தேதி ஆனையிறவு புலிகள் கைக்குப் போனது. 2009 ஜனவரியில்தான் ராணுவம் அதைத் திரும்பப் பிடித்தது.

சாலை மறிப்பை இவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மழையில் நடுவட்டம் பக்கம் மண் சரிந்தால் ஊட்டி எவ்வளவு தூரமாகிவிடும் என்று தெரிந்த பிள்ளைகள். “அப்போ துப்பாக்கியைவிட குடம்தான் பெருசா சார்?” என்றான் ஒருவன். அதுவும் மிகைதான், அந்த முறை புலிகளிடம் கனரக பீரங்கிகளும் இருந்தன. ஆனாலும் வீரக்கதை கேட்டு வளர்ந்தவன் கிணற்றைப் பற்றிக் கேட்டதே எனக்குப் போதும்.

“எங்க தாத்தாவும் அங்க சண்டையைப் பார்த்திருப்பாரா?” என்ற கேள்வியும் வரும். பெரும்பாலும் இல்லை. அட்டன், நுவரெலியா தோட்டங்கள் வெகு தெற்கே. ஆனால் 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிய குடும்பங்கள் உண்டு. ஒரு மாணவியின் பாட்டியுடைய தங்கை அப்படித்தான் கிளிநொச்சிக்குப் போனாராம். அக்கா கூடலூரில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தபோது, தங்கை ஆனையிறவுக்குச் சற்றுத் தெற்கே குடியிருந்திருக்கிறார். கிளிநொச்சி வரைபடத்தில் எங்கே என்று கேட்டு, அந்தப் பெண் எழுந்து வந்து தானே புள்ளி வைத்தாள்.