தமிழில் ஓடும் கண் ஆங்கிலத்தில் ஏன் நிற்கிறது?

திருகோணமலையில் ஆண், பெண் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். "பொம்பிளைப் பிள்ளைகள் வாசிப்பார்கள், பெடியன்களுக்கு ஏறாது" என்ற பேச்சு ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும். இடைவெளி உலகளவிலும் உண்டு. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா (PISA) என்ற மதிப்பீட்டில், 2018இல், ஓஇசிடி (OECD) என்ற பொருளாதார அமைப்பின் உறுப்பு நாடுகளின் 15 வயது மாணவிகள் வாசிப்பில் மாணவர்களைவிடச் சராசரியாக 30 புள்ளி முன்னால் நின்றார்கள். ஆனால் அது அவரவர் பாடசாலை மொழியில் நடந்த பரீட்சை. அந்தத் திறன் இரண்டாம் மொழிக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது வேறு கேள்வி.

முதல் மொழியில் வளர்ந்த வாசிப்பு இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே எழுதினார். சரி, எந்த வாசிப்பு?

என் தரம் 8 மாணவிகளில் பலர் கதைப் புத்தகம் வாசிப்பவர்கள். தெரியாத சொல் வந்தாலும் கதையின் போக்கைப் பிடித்துக்கொண்டு நகர்வார்கள், ஆங்கிலத்திலும் அப்படியே. பெடியன்களில் பலர் முதல் தெரியாத சொல்லிலேயே "ரீச்சர், இது என்ன?" என்று நின்றுவிடுவார்கள்.

அவர்களில் ஒருவன் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனுக்குப் பத்திரிகையில் வரும் கடல் காலநிலையை வாசித்துச் சொல்பவன். "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக" என்ற வரிக்கு அவன் விரல் நேரே போகும். காற்றின் திசை, வேகம், கொந்தளிப்பு, இவற்றை மட்டும் பார்ப்பான், மற்றதெல்லாம் தாண்டிவிடுவான். தேர்ந்த வாசிப்பு அது. அதே அறிவிப்பை ஆங்கிலத்தில் கொடுத்தேன். ஊர்ப்பெயரைத் தேடினான், இலக்கங்களைப் பிடித்தான், அப்புறம் ஒரு சொல்லில் விரலை வைத்து, "கொந்தளிப்பைத்தான் சொல்லுது, என்ன ரீச்சர்?" என்றான். சரியாகத்தான் ஊகித்திருந்தான். அவனிடம் வாசிப்புத் திறன் இருந்தது. பாடப்புத்தகக் கதைகள் அதைத் தொடவேயில்லை.

மாணவிகளைப் பற்றி எனக்கு வேறொரு கவலை. அழகாக, தங்குதடையின்றிச் சத்தமாக வாசித்த ஒருத்தியிடம், கதையில் வரும் பெண் ஏன் வீட்டுக்குத் திரும்பினாள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. தமிழில் எழுத்துக்கூட்டத் தெரிந்தால் பொருள் புரியாமலே சரளமாக வாசித்துவிடலாம். அந்தப் பழக்கமும் ஆங்கிலத்துக்கு வந்துவிடுகிறது. திணறும் பெடியனுக்கு உதவி கிடைக்கிறது. இந்தப் பிள்ளையைக் குரலை நம்பி அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம்.

அதனால் இப்போது தமிழ் ஆசிரியரும் நானும் ஒரே பந்தியை இரு மொழியிலும் கொடுத்து, வாயால் வாசிக்க விடாமல், கேள்வியை மட்டும் கேட்கிறோம். யார் எங்கே நிற்கிறார்கள் என்று அதில் தெரிகிறது, பெயர்ப்பட்டியலில் ஆணா பெண்ணா என்று பார்த்தால் தெரிவதில்லை.