லேசான மாற்றம், நீண்ட கண்காணிப்பு

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையின் முடிவுகளில் இரண்டை விளக்குவது எளிது. ஒன்று, எந்த மாற்றமும் இல்லை என்பது. மற்றொன்று, உடனே சிகிச்சை வேண்டும் என்பது. இவ்விரண்டுக்கும் இடையில், கர்ப்பப்பை வாயின் செல்களைச் சேகரித்துப் பார்க்கும் பாப் ஸ்மியரில் எல்.எஸ்.ஐ.எல். என்றோ, திசுத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் சி.ஐ.என். 1 என்றோ, அதாவது செல்களில் லேசான மாற்றம் என்று, அறிக்கை பெற்ற பெண்களைத்தான் அரசு மருத்துவமனையொன்றில் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி பிரிவில் செவிலியராக நான் அதிகம் சந்திக்கிறேன். அவர்களுக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் வரவே வராது என்று உறுதி கூறி அனுப்பவும் இயலாது.

இந்த மாற்றங்களுக்குக் காரணமான எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) தொற்று பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடுகிறது. 1993இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, சி.ஐ.என். 1 நிலையில் ஏறத்தாழ 57 சதவீதம் தானே சரியாகிவிடுகிறது. 11 சதவீதம் தீவிர மாற்றமான சி.ஐ.என். 3 ஆக முற்றுகிறது. புற்றுநோயாவது 1 சதவீதம் மட்டுமே. நோய் எதிர்ப்பாற்றல் குறையாத பெண்களில் தொற்று புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகும். ஆகவே, குறிப்பாக இனிமேல் குழந்தை பெற விரும்பும் பெண்களிடம், திசுவை வெட்டியெடுக்க அவசரப்படாமல் காத்திருப்பதே முறையான மருத்துவம். அத்தகைய சிகிச்சைக்குப் பின் குறைப்பிரசவ அபாயம் சற்றுக் கூடும் என்பதும் அறியப்பட்டதே.

ஆனால் காத்திருக்கச் சொல்வது, மாத்திரை எழுதிக் கொடுப்பதைப் போல எளிதன்று. “ஒண்ணும் இல்லேன்னா அடுத்த வருஷம் எதுக்கு வரணும், சிஸ்டர்?” என்று கேட்பவர்கள் ஒரு வகை, “பேசாம கர்ப்பப்பையையே எடுத்துடுங்களேன்” என்பவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர் வராமல் நின்றுவிடுகிறார்கள். இரண்டாம் வகையினரில் சிலர் வேறிடத்தில் அறுவை சிகிச்சையே செய்துகொள்கிறார்கள். தொற்று பாலுறவின் வழியே பரவுவது என்று சொன்னவுடன் கணவரைப் பற்றிய ஐயமும் எழுகிறது. அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதைப் பரிசோதனை காட்டாது, பல ஆண்டுகளுக்கு முன் வந்து தங்கியதாகவும் இருக்கலாம் என்பதை நிதானமாக விளக்கிய பிறகே அறிக்கையின் மற்ற செய்திகள் அவர்கள் காதில் விழுகின்றன. பத்து நிமிடப் பேச்சில் பாதி இதற்கே போய்விடுகிறது. அதை வீண் என்று நான் கருதவில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்த்து, மாற்றத்தைக் காட்டும் வெண்திட்டு தெரிந்த பெண்களுக்குத் தகுதியிருந்தால் அதே வருகையிலேயே, அந்தத் திசுவை உறையவைத்து அழிக்கும் குளிர்ச் சிகிச்சையும் அளித்தார்கள். ஏழு ஆண்டுகளில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. ஒரே வருகையில் வேலை முடிவதன் பயன் அதில் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் பிரிவுக்கு வரும் லேசான மாற்றங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஓராண்டுக்குப் பின் ஒரு முறை, அதற்கும் பின் ஒரு முறை என்று அந்தப் பெண்ணே திரும்பி வர வேண்டும்.

பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் கணவரின் கைபேசி எண்தான். அந்த எண்ணில் காரணத்தைச் சொல்வதும் தவறு, சொல்லாமல் அழைப்பதும் பயனற்றது. அதனால் அக்கா, தங்கை, அம்மா என அவர் நம்பும் ஒரு பெண்ணின் எண்ணைக் கேட்டு, அதில் பேசுவதற்கு அவரது ஒப்புதலையும் பெற்றுக் குறித்துக்கொள்கிறேன். வீடு மாறியவர்களைக் கிராம சுகாதார செவிலியர் வழியே தேடுகிறோம்.

எங்கள் கைக்கு எட்டாதவர்கள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்களே. முற்றிய மாற்றத்துக்காக எடுத்திருந்தால் யோனியின் மேல்முனையிலும் மாற்றம் தோன்றக்கூடும் என்பதால் அவர்களுக்கும் பரிசோதனை தொடர வேண்டும். ஆனால் உறுப்பே இல்லாதபோது எதைப் பரிசோதிப்பது என்று கேட்டு, பெரும்பாலோர் அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள்.