காஞ்சனபுரியில் தாத்தாவுக்கு ஒரு படையல்

தாய்லாந்தின் காஞ்சனபுரி ரயில் நிலையத்தில் இறங்கினால் எந்த வண்டியிலும் ஏறாதீர்கள். போர்க் கல்லறை என்றதும் 200 பாட் கேட்ட ஒருவர், பேரம் பேசியதும் 150க்கு வந்தார். தெருத்தெருவாகச் சுற்றி இறக்கிவிட்டுப் போன பிறகு விசாரித்தால், நிலையம் ஐந்து நிமிட நடையில் இருக்கிறது! பாங்காக்கின் தொன்புரியிலிருந்து மூன்று மணி நேர ரயில் பயணத்துக்கே ஆளுக்கு 100 பாட்தான். 82 வயது அப்பாவைப் பார்த்துமா இப்படிச் செய்தார் என்று வயிறு எரிந்தது.

1943இல் மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து தாத்தாவைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்பா அப்போது பாட்டியின் வயிற்றில். மூன்று மாத வேலைதான், நல்ல கூலி என்று சொல்லித்தான் ஜப்பானியர்கள் ஆள் சேர்த்தார்கள். பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. இறந்துவிட்டார் என்று யாரும் வந்து சொல்லவில்லையே, எப்படிக் கழற்றுவார்?

கல்லறைத் தோட்டத்தைக் கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கிறார்கள். ஜப்பானியர்களிடம் சிக்கி அந்தப் பாதை வேலையில் மாண்ட ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள், வரிசை வரிசையாக வெண்கலத் தகடுகள், அவற்றில் பெயரும் வயதும். அப்பா கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு தகடாகக் குனிந்து பார்த்தார். "எல்லாம் பிள்ளைகள்" என்றார். பிறகு, "நம் ஆட்கள் ஒருவர்கூட இங்கே இல்லையா, ஐயா?" என்று கேட்டார்.

இல்லை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தமிழர்கள் அதில் ஆயிரக்கணக்கில். வாந்திபேதி கண்ட முகாம்களில் மொத்தமாகக் குழிவெட்டித் தள்ளினார்கள். சிப்பாய்க்குப் பதிவேடு இருந்தது, பால்மரம் சீவியவனுக்கு இல்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

அங்கிருந்து வாட் தாவோர்ன் வராராம் கோயிலுக்கு நடந்தே போனோம். அடையாளம் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கம் செய்த இடம் அது. தமிழர்களுக்கென அண்மை ஆண்டுகளில் எழுப்பிய நடுகல்லும் அங்கேதான் நிற்கிறது. காஞ்சனபுரி வரும் தமிழர்கள் குவாய் ஆற்று ரயில் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இங்கே வாருங்கள்.

அப்பா செருப்பைக் கழற்றினார். ஈப்போவிலிருந்து கொண்டுவந்த வெற்றிலை பாக்கு, சுருட்டு, சந்தையில் வாங்கிய வாழைப்பழம் ஒரு சீப்பு. சூடம் இரண்டு முறை காற்றில் அணைந்து மூன்றாவது முறை நின்று எரிந்தது. அப்பா கைகூப்பி, "அப்பா" என்று கூப்பிட்டார். அந்தச் சொல்லை அவர் யாரையும் பார்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. சற்று நேரம் விட்டு, இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

படையல் முடிந்து வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று பக்கத்துத் தெருவில் ஒரு சோற்றுக்கடைக்குள் நுழைந்தோம். புளிச்சாற்றில் வெந்த ஆற்றுமீனும் சோறும் 60 பாட். தாளிப்பு இல்லை, கறிவேப்பிலை இல்லை, அப்படியும் என்ன ருசி! காலையிலிருந்து எதுவும் தொடாத அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். வண்டிக்காரர் மேல் இருந்த கோபம் அப்போதுதான் கொஞ்சம் தணிந்தது.

விடுதி வாடகை, விமான டிக்கெட் என்று ஒவ்வொன்றாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இன்னொரு நாள் எழுதுகிறேன். திரும்பும் ரயிலில் அப்பா வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நக்கோன் பதோம் தாண்டியதும், "அடுத்த முறை அம்மாவின் படத்தையும் கொண்டுவருவோம்" என்றார். அடுத்த பயணத்துக்கு மாதம் எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போட்டேன்.